மூணாம் பாகம்

இன்னும் மூணு பேரு பேசி முடிக்கணும், அப்புறம் இவுக, என் வீட்டுக்காரரு, இவுகளுக்கு அப்புறம் நான். மடியில பை. பைக்குள்ள மூணாம் பாகம். கனம் ஒண்ணும் பெருசில்ல, மடிச்ச சேலை அளவுதான், ஆனா அம்மிக்கல்லு மாதிரி தொடையில உக்காந்திருக்கு. சொல்லிருவேனா? சொல்லிருவேன். எந்திரிச்சு நின்னதும் வார்த்தை மறந்துட்டா? மறந்தா மறக்கட்டும், கை இருக்குல்ல, எடுத்து இவுக கையில குடுத்துருவேன். ஜெயசீலன் சாரோட டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டு மாடியில ஃபேன் கடகடன்னு சுத்துது, மிஷினுக எல்லாம் உறை மாட்டிக்கிட்டு வரிசையா இருக்கு, நடுவுல பெஞ்சப் போட்டு நாங்க. உசிலம்பட்டி வாசகர் வட்டம். வட்டம்னு பேரு வச்சுக்கிட்டு எப்பவும் வரிசையாத்தான் உக்காருவோம். சட்டம் ரெண்டே ரெண்டு. ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் வாயத் தொறக்கக் கூடாது, முடிச்சதும் சார் பக்கத்து மிஷினோட உருளைய ஓரத்துக்குத் தள்ளி டிங்னு மணி அடிப்பாரு. அடுத்தது, புஸ்தகத்த முழுசாப் படிக்காதவுக பேசவே கூடாது, எல்லாருக்கும் டீ ஊத்திக் குடுத்துட்டு கம்முனு உக்காரணும். போன மாசம் ஊத்துனது மீரான் பாய். இந்த மாசம் ஊத்த வேண்டியது யாருன்னு இந்த மாடியில எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனாலும் எந்திரிக்காம இருக்கப் போறதில்ல.

பால்ச்சாமி அண்ணன் பேசுறாரு, கண்டக்டரு, அவரு பேசுனா பஸ்ஸுக்குள்ள நிக்கிற மாதிரியே இருக்கும். "என்னய்யா நாவல் இது, அறுநூறு பக்கத்துக்கு ஒரு டீக்கடை இல்ல!" சிரிக்கிறாக. நானும் சிரிச்சேன், பையப் புடிச்சுக்கிட்டே. புல்லுக்காடுன்னு நாங்க பேரு வச்ச நாவலு. எவனோ வெள்ளக்காரன் எந்தக் காலத்துலயோ எழுதி, யாரோ புண்ணியவான் தமிழ்ல மாத்தி, அதுவும் அச்சுல இல்லாமப் போய், சார்ட்ட மிஞ்சுனது ஒரே ஒரு பிரதி. வெள்ளக்காரன் தேசத்து மலைநாட்டுல பொழைப்பு இல்லாம யோகானும் அவன் பொண்டாட்டி மார்த்தாவும் கப்பலேறி அமெரிக்காவுக்கு வாராக. கண்ணுக்கெட்டுன மட்டும் புல்லு, மரம் இல்ல, ஆளு இல்ல, மண்ணையே புல்லோட பாளம் பாளமா வெட்டி அடுக்கி வீடு கட்டுறாக. அந்த வீட்டுக்கு மார்த்தா தன் ஊர்லருந்து கொண்டாந்த கதவு மட்டும்தான் மரம். ஒரு புஸ்தகத்த ஏழு பேரு எப்படிப் படிக்கிறது? ஜெராக்ஸ் எடுக்கப் போனா கடைக்காரன் சொத்த எழுதிக் கேப்பான். மீரான் பாய் பைண்டிங் பண்றவரு, அவருதான் தையலப் பிரிச்சு அஞ்சு பாகமா வெட்டி, தனித்தனியாத் தச்சு, காக்கி அட்டை போட்டு மேல நம்பரு எழுதிக் குடுத்தாரு. எவர் கைக்கு எது வருதோ அதப் படிச்சுட்டு அடுத்தவுகளுக்குத் தள்ளணும். அதுல வந்த கூத்த என்னன்னு சொல்ல. பால்ச்சாமி அண்ணனுக்கு முதல்ல வந்தது அஞ்சாம் பாகம். "எறங்குற ஸ்டாப்ப முதல்ல பாத்துட்டேன், அப்புறம் வழியெல்லாம் பயந்துக்கிட்டேதான் போனேன்"ங்குறாரு. எனக்கும் அதே கதிதான். மார்த்தா செத்துப் போனதத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் அவ கல்யாணத்தப் படிச்சேன், மோதிரம் மாத்துற எடத்துல, தையல் வேலைக்கு நடுவுல ஊக்கு வாயில இருக்கையிலயே அழுதேன். டிங்.

கோமதி டீச்சர் எந்திரிச்சாச்சு. டீச்சருக்குப் புருஷன் துபாயில, வீட்டுல ஏசி, கையில குறிப்பு இல்லாமலே கடகடன்னு வரும். மார்த்தா குறியீடு, கதவு குறியீடு, புல்லும் குறியீடு. எல்லாம் குறியீடுன்னா எதுதாம்மா புல்லு? சொல்ல முடியாது, சட்டம். புலம்பெயர்தல் மனுசனோட இயல்பு, அக்கரையில என்ன இருக்குன்னு பாக்குறவந்தான் ஜெயிக்கிறான்ங்குறா. இவுக தலையாட்டுறாக. தலையாட்டுறதப் பாரு, கோயில்மாடு மாதிரி. எனக்குக் கோவமா வருது, கூடவே பாவமாவும் வருது, ரெண்டும் ஒரே நூல்ல கோத்த மாதிரி இருக்கு. மில்லு மூடுனதுலருந்து இவுக என் கடையிலதான் கொக்கி தைக்கிறாக. ஒச்சம்மா லேடீஸ் டெய்லர்னு போர்டு. உள்ள இவுக, தங்கமாயன், ஓரமா ஸ்டூல்ல உக்காந்து ஜாக்கெட்டுக்குக் கொக்கி. தெரிஞ்சவுக வந்தா ஊசியக் கீழ போட்டுட்டுப் பேப்பர விரிச்சுக்குவாக. நான் ஒரு நாளும் ஒரு சொல்லு சொன்னதில்ல. சொல்லாததும் ஒரு குத்தல்தான் போல, ஆம்பளைக்கு. இவுக அண்ணன் நாக்பூரத் தாண்டி ஒரு ஊர்ல முறுக்குப் பட்டறை வச்சு பத்து வருசமா நல்லாத்தான் இருக்காரு. "புள்ளகுட்டி இல்ல, கெளம்புறது லேசு, வந்து சேருடா"ன்னுட்டாரு. புள்ள இல்லாத வீட்டுக்கு வேரும் இல்லையாக்கும். எனக்கு விசயம் எப்படித் தெரிஞ்சது? இவுக சொல்லல. கடை ஓனரு வந்து, "தையில காலி பண்றீகளாமே, மாயன் சொன்னாப்ல"ன்னாரு. கத்திரிக்கோல் கையில இருந்துச்சு, துணி பாதி வெட்டுல நின்னுச்சு. அன்னைக்கு ராத்திரி கேட்டேன். "உன்ட்ட சொல்லணும்னு என்ன இருக்கு, நான் எங்க போனாலும் நீ வரத்தான போற"ன்னாக. சோத்தப் பெசஞ்சுக்கிட்டே சொன்னாக. கெட்ட மனுசன் இல்ல. கெட்ட மனுசனா இருந்தா சண்டை போட்டிருப்பேன்.

போனேனே, போய்ப் பாத்துட்டுத்தான் வந்தேனே அந்த ஊர. போன வருசம் கூட்டிட்டுப் போனாக. ரயில்லருந்து எறங்குனா வெறும் பருத்திக் காடு, தட்டத்தக் கவுத்த மாதிரி தரை, வானம் வந்து தலையில உக்காந்திருக்கு. ஆம்பளைக விடியுறதுக்குள்ள சைக்கிள்ல முறுக்கு டின்னக் கட்டிக்கிட்டுக் கெளம்பிருவாக, பொழுது சாஞ்சுதான் வருவாக. வீட்டுல அண்ணன் சம்சாரம் ராக்கம்மா அக்காவும் எண்ணெய்ச் சட்டியும்தான். என்னைப் பாத்ததும் அக்கா பேசல. கையப் புடிச்சுக்கிட்டாக, விடல. மறுநாள் காலையில நான் பின்னால துணி துவைக்கிறேன், உள்ள பேச்சுக் குரல் கேக்குது. "சாப்ட்டியா ராக்கு?" "சாப்ட்டேன்க்கா." "என்ன கொழம்பு?" "கத்திரிக்காக்கா." ரெண்டு குரல். யாரோ நம்ம ஊர்ப் பொம்பளை வந்திருக்கான்னு ஈரக்கையோட ஓடிப்போய்ப் பாக்குறேன். அக்கா மட்டும் நிக்கிறாக. முறுக்கு அச்சப் புழிஞ்சுக்கிட்டே கேக்குறதும் அவுகதான், பதில் சொல்றதும் அவுகதான். என்னைப் பாத்துட்டு வெக்கப்படக்கூட இல்ல. அதுதான் என்னை ஆட்டிருச்சு. ரயில்ல வரும்போது இவுகள்ட்ட சொன்னேன், அக்கா தனியாப் பேசுறாகன்னு. "மராத்தி வராதுல்ல, தமிழ் மறந்துரக் கூடாதுன்னு பேசிப் பாக்குறாக"ன்னுட்டு வடை வாங்க எறங்கிட்டாக. எனக்குப் பயம். வெளிப்படையாச் சொல்றேன், எனக்குப் பைத்தியம் புடிச்சுரும்னு பயம். என் தொழிலே பேச்சுதான். அளவெடுக்கையில ஒருத்தி மாமியாரத் திட்டுவா, ஒருத்தி கழுத்த எறக்கி வைன்னு காதுல சொல்லுவா, ஒருத்தி அளவு கூடிப் போச்சுன்னு அழுவா, நான் டேப்பக் கழுத்துல போட்டுக்கிட்டு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு நிப்பேன். ஊசி நூலு இருந்தா எங்கயும் பொழைக்கலாம்ங்குறாக இவுக. ஊசி நூலு இருக்கும், "ஏத்தா, அக்குள்ல புடிக்குது"ன்னு சொல்ல அங்க யாரு இருக்கா?

டிங். மீரான் பாய் எந்திரிக்கிறாரு, "நான் வெட்டுனவன், வெட்டுன பாவத்துக்கு முழுசும் படிச்சேன், பனி பெய்யுற எடத்துல பொம்பளைட்ட போர்வை கேட்டு வாங்கிப் பொத்திக்கிட்டேன்"ங்குறாரு. எல்லாரும் சிரிக்கிறாக. அந்தப் பனி மூணாம் பாகத்துலதான் இருக்கு. எனக்கு அது வந்தன்னைக்குக் கடையில கரண்ட் இல்ல. மிஷின் ஓடாது, சரி படிப்போம்னு எடுத்தேன். யோகான் விதைத் தானியம் வாங்க தொலைதூரம் போறான், வழியில பனி அடைச்சுருது, குளிர்காலம் முழுக்க வர முடியல. மார்த்தா அந்த மண்ணு வீட்டுக்குள்ள ஒத்தையில. முதல்ல பாட்டுப் பாடுறா. அப்புறம் பாட்டு நின்னுருது. ஒருநாள் வெளிய போயி, கதவச் சாத்திட்டு, தன் வீட்டுக் கதவத் தானே தட்டுறா. டொக் டொக். தட்டிட்டுத் தொறந்து உள்ள ஓடியாந்து, கதவச் சாத்திக்கிட்டு, சாத்துன கதவப் பாத்து "யாரு?"ன்னு கேக்குறா. "இருங்க, வர்றேன்"னு முடியச் சரி பண்ணிக்கிட்டுப் போய்த் தொறக்குறா. வெளிய பனி. தெனமும் இதே வேலை. போகப் போக அலுத்துப் போயி, "நீதான்னு தெரியும், போ"ன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டுப் படுத்துருறா. சாப்ட்டியா ராக்கு. சாப்ட்டேன்க்கா. எங்க இருக்குற புல்லுக்காடு, எங்க இருக்குற முறுக்குச் சட்டி, இத எழுதுன மனுசனுக்கு எங்க ராக்கம்மா அக்காவ எப்படித் தெரியும்? அந்தப் பக்கத்துல ஊதா நிற ஜாக்கெட்டுத் துண்ட வச்சு மூடுனேன். இன்னொரு தடவை படிச்சுட்டு இவுகளுக்குக் குடுப்போம்னு வெட்டுன துணிகளுக்கு அடியில வச்சேன். வரிசையில கடைசி எங்க வீடுதான், வேற யாருக்கும் போக வேண்டியதில்ல. இவுக ரெண்டாம் பாகத்த முடிச்சாக. கேப்பாகன்னு பாத்தேன். நாலாம் பாகத்த எடுத்தாக. சரி, இப்பக் கேப்பாக, ரெண்டுல உழுதுட்டு நின்னவன் நாலுல கோதுமை அறுக்குறானே, நடுவுல ஒரு குளிர்காலம் எங்கடி போச்சுன்னு கேப்பாக. கேக்கல. அஞ்சாம் பாகத்தையும் முடிச்சு மூடி வச்சு, "என்னா மனுசன்டி அந்த யோகான்!"னாக. முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்க முடியாதும்பாக. நான் மறைச்சேன், சாப்பிட்டவுகளுக்கே தெரியல. அன்னைக்கு நான் சிரிச்சேன். அப்புறம் பட்டனுக்குக் காஜா அடிக்கப் போனவ ஊசிய வெரல்ல ஏத்திக்கிட்டேன். நான் இல்லாமப் போனாலும் இவுக கதை இப்படித்தான் இடைவெளி தெரியாம ஓடும்னு நெனைச்சது அந்த நிமிசம்தான்.

டிங். இவுக எந்திரிச்சாச்சு. சட்டைய இழுத்து விட்டுக்கிட்டாக, மில்லு யூனியன்ல பேசுன பழக்கம், குரல் கணீர்னு வருது. அழகாத்தான் இருக்காக, பேசும்போது. அந்தக் குரலுக்குத்தான் நான் கழுத்த நீட்டுனேன். "தோழர்களே, யோகான் யாரு? நம்மள மாதிரி ஒருத்தன். சொந்த ஊர்ல அவனுக்குப் பேரு இல்ல, மண்ணு இல்ல. போனான், ஒடச்சான், வெதைச்சான்." பால்ச்சாமி அண்ணன் தொடையத் தட்டுறாரு. எனக்கே மயிர்க்கூச்செறியுது. ஒச்சம்மா, எளகாத. எளகுனா முறுக்குச் சட்டிதான். "ஆனா ஒண்ணு சொல்லணும். அந்த மார்த்தா. அஞ்சாம் பாகத்துல, கொட்டுற பனியில மனுசன் செத்துப் பொழைச்சு வீட்டுக்கு வந்து கதவத் தட்டுறான். உள்ள இருந்துக்கிட்டே 'நீதான்னு தெரியும், போ'ங்குறா. புருசன்னு தெரிஞ்சே! ரெண்டு வெரலு போச்சு அவனுக்கு. இந்தத் திமிர ஆசிரியர் ஏன் கண்டிக்கலன்னு எனக்குப் புரியல." மீரான் பாய் நிமிந்து பாத்தாரு. டீச்சர் சாரப் பாத்தா. சாருக்கு வாயி துடிக்குது, ஆனா சட்டம் போட்டவரே மீறுவாரா? இவுகளுக்கு எதுவும் தெரியல, சந்தோசமாப் பேசிக்கிட்டே போறாக. "எங்களுக்கும் இந்த நாவல்தான் தைரியம் குடுத்துச்சு. நானும் ஒச்சம்மாவும் தை பொறந்ததும் நாக்பூர் பக்கம் கெளம்புறோம். அண்ணன் எடம் பாத்தாச்சு." கை தட்டுறாக. பாதிப் பேருதான் தட்டுறாக. நானும் ஒச்சம்மாவும். எம்புட்டு லேசா வருது அந்த "உம்". டிங்.

எந்திரிச்சேன். ஒரு கையால பெஞ்சப் புடிச்சுக்கிட்டேன். ராத்திரியெல்லாம் மனசுக்குள்ள தச்சுத் தச்சு வச்ச பேச்சு ஒண்ணு இருந்துச்சு, கோமதி டீச்சரே அசந்து போற மாதிரி. ஒரு சொல்லு ஞாபகம் வரல. பையத் தொறந்தேன். காக்கி அட்டையில மூணுன்னு மீரான் பாய் எழுதுன நம்பரு. இவுக மடியில வச்சேன். "இது நம்ம கடையிலதான் இருந்துச்சு. நான்தான் வச்சிருந்தேன். நீங்க கேக்கவே இல்லைங்க." இவுக அட்டையப் பாக்குறாக, என்னைப் பாக்குறாக, மறுபடி அட்டையப் பாக்குறாக. "மார்த்தாவுக்குத் திமிரு இல்ல. ஏன் அப்படிச் சொன்னான்னு இதுல இருக்கு. அவ்வளவுதான் நாவலப் பத்தி." உக்காந்துரலாம்னு நெனைச்சேன். உக்காரல. "இன்னொன்னு. கடை ஓனர்ட்ட காலையில போய்ச் சொல்லிட்டேன், நான் காலி பண்ணலைன்னு. போர்டுல இருக்குற பேரு என் பேரு." இவுக மூஞ்சி செவந்து, காது செவந்து, கழுத்து வரைக்கும் எறங்குச்சு. இப்ப ஒரு அறை விழுந்தாலும் விழும்னு நெனைச்சேன், விழல. கல்யாணம் ஆன நாள்லருந்து இவுகள நாலு பேருக்கு முன்னால நான் எறக்கிப் பேசுனதில்ல. வலிச்சுச்சு எனக்கு. வலிச்சாலும் திருப்பி வாங்குற பேச்சு இல்ல இது.

சார் மணி அடிக்க மறந்துட்டாரு. மெதுவாக் கனைச்சுட்டு, "மாயன் தம்பி, தப்பா எடுத்துக்காதீக... நம்ம சட்டம்"னு மேசையில இருந்த தூக்குவாளியக் காட்டுனாரு. இவுக எந்திரிச்சாக. இறங்கிப் போயிருவாக, படி பக்கமாத்தான் கால் போச்சு, போனா நான் ஒத்தையிலதான் வீட்டுக்கு நடக்கணும்னு மனசு கணக்குப் போடுது. போகல. தூக்குவாளிய எடுத்து ஒவ்வொருத்தருக்கா டீய ஊத்துனாக. மீரான் பாய், "சீனி தூக்கலா இருக்கு, நல்லாருக்கு தம்பி"ன்னு பேச்ச மாத்தப் பாத்தாரு. எனக்கு ஊத்தும்போது தம்ளரு ஓரத்துல கொஞ்சம் சிந்துச்சு. அப்புறம் வந்து என் பக்கத்துலயே உக்காந்தாக. மூணாம் பாகத்த விரிச்சாக. ஊதாத் துண்டு இருந்த எடத்துலதான் தொறந்துச்சு. மத்தவுக டீயக் கையில வச்சுக்கிட்டு ஜன்னல் பக்கம் போயி மழை வருமா வராதான்னு பேசுறாக, எங்க ரெண்டு பேரையும் பாக்காத மாதிரி. இவுக உதடு அசையுது. படிக்கையில உதடு அசையும் இவுகளுக்கு, மில்லு சத்தத்துல பேப்பர் படிச்ச பழக்கம். பாட்டு நின்ன எடம் தாண்டிருச்சு. கதவு வந்திருக்கும். ஒரு பக்கத்துலயே ரொம்ப நேரம் நிக்கிறாக. "ராக்கம்மா அண்ணி..."ன்னாக, என்ட்ட இல்ல, புஸ்தகத்துக்கிட்ட சொல்ற மாதிரி. டீ ஆறி ஆடை கட்டிருச்சு.

டொக் டொக்.

பெஞ்சுப் பலகையில, எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல, மடக்குன வெரல்ல. என்னைப் பாக்கல, கண்ணு புஸ்தகத்துலதான் இருக்கு. எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு, முழுங்கிட்டேன், இப்ப அழுதா வேற அர்த்தம் ஆயிரும்.

"யாரு?"ன்னேன்.

"நான்தான்"னாக. அப்புறம், அந்தக் கணீர்க் குரல்ல இல்ல, வேற குரல்ல, "வர்றியா?"ன்னு கேட்டாக.

இதக் கேக்கத்தான் இத்தனை நாளும் காத்துக் கெடந்தேன். கேட்டதும் வர்றேன்னு சொல்லிருவேனோன்னு பயந்துக்கிட்டும் இருந்தேன். சொல்லல.

"வரல"ன்னேன்.

இவுக ஊதாத் துண்ட எடுத்துச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு, மூணாம் பாகத்த முதல் பக்கத்துலருந்து படிக்க ஆரம்பிச்சாக.